பிற தேசத்துச் சேனைக்குப் பயிற்சி: ஒரு பரிசீலனை

ஒரு தேசம் தன் சேனையை அயல்நாட்டு நிபுணர்களைக் கொண்டு பயிற்றுவித்துக்கொள்வது சரித்திரத்தில் புதிய வழக்கமன்று. ஆயினும், அப்பயிற்சியையே ஒரு பெரும் ராஜதந்திர சாதனமாக ஆக்கி, ஆண்டுக்கணக்கில் உத்தியோகஸ்தர்களையும் அளவற்ற பொருளையும் அதில் ஈடுபடுத்தி, தம் சொந்தச் சிப்பாய்களைப் பெருமளவில் போர்க்களத்துக்கு அனுப்பாமலேயே உலகின் அமைதியற்ற பிரதேசங்களை ஒழுங்குக்குக் கொணர்ந்துவிடலாம் என்று வல்லரசுகள் நம்பத் தலைப்பட்டது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிற்பட்ட காலத்திலேதான். அந்நம்பிக்கையின் பலாபலன்களை இன்று நாம் ஓரளவு தெளிவாகவே காணக்கூடிய நிலையில் இருக்கிறோம். சைகோன் 1975இலும், மோசூல் 2014இலும், காபூல் 2021இலும் வீழ்ந்தன. அந்நகரங்களைக் காக்க வேண்டியிருந்த சேனைகள் மூன்றும் அமெரிக்கத் தூதுக்குழுக்களால் பல்லாண்டுகள் பயிற்றப்பட்டவை. அதே வேளையில், தென் கொரியா, சியரா லியோன், பூட்டான் போன்ற நாடுகளில் அயலாரின் பயிற்சி நிலைத்த பலனைத் தந்திருக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது என்பதே இங்கு ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

பயிற்சித் தூதுக்குழு என்று சொல்லும்போது, உடன் நின்று போரிடும் நேசப்படையையோ, ஊதியத்துக்காகப் போரிடும் கூலிப்பட்டாளத்தையோ நாம் கருதுவதில்லை. தான் போரிடாமல், வேறொரு கொடியின் கீழ்ப் போரிடப் போகிறவர்களை ஆயத்தம் செய்வதே அக்குழுவின் தொழில். புதிதாகச் சேர்ந்த இளைஞனுக்குத் துப்பாக்கியைக் கழற்றி மாட்டவும், குறிபார்த்துச் சுடவும், காயம்பட்ட தோழனுக்கு இரத்தம் நிற்கும்படி கட்டுப்போடவும் கற்பிப்பது அதன் முதற்படி. ஹவில்தார்களையும் இளம் அதிகாரிகளையும் உருவாக்குவது அடுத்த படி. சம்பளப் பட்டியல், உணவு, எரிபொருள், உதிரிப்பாகம், பழுதுபார்க்கும் பட்டறை, ஆஸ்பத்திரி ஆகியவை தடையின்றி நடைபெறும்படி ஒரு நிர்வாகத்தை அமைத்துக்கொடுப்பது எல்லாவற்றிலும் கடினமானது. முதற்படியின் வேலை எண்ணிக்கையில் காட்டத்தக்கது. இத்தனை ஆயிரம் பேர் தேறினர் என்று அறிக்கையில் எழுதலாம், அணிவகுப்பைப் புகைப்படம் எடுக்கலாம். நிர்வாகம் அமைக்கும் வேலையோ கண்ணுக்குப் புலப்படாதது, நெடுங்காலம் பிடிப்பது, லஞ்சத்துடனும் அரண்மனைச் சூழ்ச்சியுடனும் நேருக்கு நேர் மோத வேண்டியது. ஆகையால் அதில் சோர்வும், கவாத்து மைதானத்தில் எல்லையற்ற உற்சாகமும் காட்டுவது இத்தூதுக்குழுக்களின் பொது இயல்பாகிவிட்டது.

பழைய உதாரணங்களுள் ஒன்று நம் தென்கோடியிலேயே நிகழ்ந்தது. 1741இல் குளச்சலில் டச்சுக் கும்பெனியாரை முறியடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் சிறைப்பட்டவர்களுள் யூஸ்டேஷியஸ் டி லனாய் என்பவரும் ஒருவர். மன்னர் அவரைத் தம் சேவையில் அமர்த்தி, தம் வீரர்களுக்கு ஐரோப்பியக் கவாத்தும் துப்பாக்கிப் பயிற்சியும் கற்பிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். கோட்டைகளைச் செப்பனிடுவதிலும் பீரங்கி வார்ப்பதிலும் அவருடைய அறிவு பயன்பட்டது. 'வலிய கப்பித்தான்' என்று பெயர் பெற்ற அவர், இரண்டு மன்னர்களின் கீழ்ப் பணிபுரிந்து, 1777இல் மரணமடையும்வரை அச்சமஸ்தானத்துக்கே உழைத்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து உதயகிரிக் கோட்டையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதப்பட்ட கல்வெட்டுடன் அவர் கல்லறை இருக்கிறது. இச்சம்பவத்தில் கவனிக்கத்தக்கவை இரண்டு. என்ன கற்க வேண்டும், எதற்காகக் கற்க வேண்டும் என்பதை மன்னரே நிர்ணயித்தார். அவரிடமிருந்து ஆசிரியரைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் அதிகாரம் வேறெந்தத் தலைநகரத்துக்கும் இருக்கவில்லை. மேலும், ஓர் ஆயுட்காலத்தையே ஒரு சேனையுடன் கழித்த ஆசிரியர், அச்சேனையின் பழக்கவழக்கங்களையும் அதன் பலவீனங்களையும் தம் உள்ளங்கையைப் போல அறிந்திருந்தார்.

அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது, 1778 பிப்ரவரியில் வேலி ஃபோர்ஜ் என்னும் பனிமூடிய பாசறையில், பசியாலும் நோயாலும் வாடிக்கிடந்த வாஷிங்டனின் சேனையை வந்தடைந்த பிரஷ்ய வீரர் ஸ்டூபனின் வேலையும் இவ்வகையினதே. ஆங்கிலம் பெரும்பாலும் அறியாத அவர், பாடங்களைப் பிரெஞ்சு மொழியில் எழுதி, உதவியாளர்களைக் கொண்டு மொழிபெயர்க்கச் செய்தார். மாதிரிப் படைப்பிரிவு ஒன்றைத் தாமே நேரில் நின்று பயிற்றி, அதிலிருந்தவர்கள் மற்றவர்களுக்குக் கற்பிக்கும்படி ஏற்பாடு செய்தார். கட்டளையிட்டால் உடனே கீழ்ப்படிகிற பிரஷ்யச் சிப்பாயைப் போலன்றி, இன்ன காரணத்துக்காக இன்னதைச் செய்ய வேண்டும் என்று சொன்னால்தான் அமெரிக்கச் சிப்பாய் செய்வான் என்பதை விரைவில் உணர்ந்து, தம் போதனா முறையை அதற்கேற்ப மாற்றிக்கொண்டதே அவருடைய மேதை. அந்த ஜூன் மாதத்திலேயே மான்மத் போரில், அச்சேனை பிரிட்டிஷ் துருப்புகளுக்கு எதிரே குலையாமல் நின்றது.

ஜப்பானியர் இக்கலையைப் பெறுவோர் தரப்பிலிருந்து பூரணமாக்கினார்கள். மேஜி அரசாங்கம் தன் தரைப்படைக்கு முதலில் பிரெஞ்சுக்காரர்களை அழைத்தது. 1870-71 யுத்தத்தில் பிரான்ஸ் ஜெர்மானியரிடம் தோற்றதைக் கண்ட ஜப்பானியத் தலைவர்கள், நாளடைவில் ஜெர்மானிய முறையின் பக்கம் திரும்பினர். கடற்படைக்கு 1873இல் டக்ளஸ் தலைமையில் வந்த பிரிட்டிஷ் குழுவினர் ஆசிரியராயினர். 1885இல் வந்த மேஜர் மெக்கல் மூன்றே ஆண்டுகள் தங்கி, அதிகாரிகளுக்கான யுத்தக் கல்லூரியில் கற்பித்து, கோட்டைக் காவலுக்குரிய பட்டாளங்களாக இருந்த சேனை நடமாடும் டிவிஷன்களாக மாற்றி அமைக்கப்படுவதற்கு ஆலோசனை கூறிச் சென்றார். ஆசிரியரைத் தேர்ந்தெடுத்தவரும், போதுமென்று விடை கொடுத்தவரும் ஜப்பானியரே. அச்சேனை பின்னர் கொரியாவிலும் சீனத்திலும் நடந்துகொண்ட விதத்தை எண்ணும்போது, போர்த்திறனைக் கற்பித்தவர் தருமத்தையும் கற்பித்துவிட்டார் என்று கொள்ள முடியாது என்பதும் விளங்கும்.

துருக்கியில் நிலை வேறாயிற்று. 1913 டிசம்பரில் கான்ஸ்டாண்டிநோப்பிளுக்கு வந்த லிமான் ஃபான் சாண்டர்ஸின் ஜெர்மன் தூதுக்குழுவுக்குத் தலைநகரத்தைக் காக்கும் படையின் தளகர்த்தப் பதவியே அளிக்கப்பட்டது. ரஷ்யா அதைக் கடுமையாக ஆட்சேபித்தது. ஐரோப்பா முழுவதும் பதற்றமடைந்தது. பயிற்சி என்னும் பெயரில் செல்கிறவன், தலைநகரத்தின் சாவியையும் கையில் பிடித்துக்கொள்ளக்கூடும் என்னும் அச்சம் அன்று முதல் இவ்விஷயத்தினின்று நீங்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிற்பட்ட காலத்தின் முதற்பெரும் பரிசோதனை கொரியாவில் நடந்தது. 1949 ஜூலையில் சுமார் 500 பேர் கொண்ட அமெரிக்க ஆலோசகர் குழு அங்கு அமைக்கப்பட்டது. வடக்கின்மீது படையெடுத்துவிடுவாரோ என்று ஜனாதிபதி சிங்மன் ரீயை அமெரிக்கர்கள் சந்தேகித்தமையால், தென் கொரியச் சேனைக்கு டாங்கிகள் கொடுக்கப்படவில்லை. 1950 ஜூன் 25ஆம் தேதி வடகொரியத் துருப்புகள் டாங்கிகளுடன் எல்லையைக் கடந்தபோது, மூன்று நாட்களில் சியோல் வீழ்ந்தது. அத்தோல்வியிலிருந்து பாடம் கற்று, 1951 முதல் டிவிஷன்களைப் போர்முனையிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னுக்கு இழுத்து, அதிகாரியும் சிப்பாயும் பிரியாமல் முழுப் பிரிவாகவே மறுபடியும் பயிற்றினர். இளம் அதிகாரிகளை அமெரிக்கப் பள்ளிகளுக்கு அனுப்பினர். 1952இல் நான்காண்டுப் படிப்புடன் இராணுவக் கல்லூரியைப் புதிதாகத் தொடங்கினர். இன்று அச்சேனை ஆசியாவின் வலிய சேனைகளுள் ஒன்று. ஆனால் அச்சேனையின் தளபதிகளே 1961இலும் 1979-80இலும் ஆட்சியைக் கைப்பற்றினர். இரண்டாவது முறை கைப்பற்றி, 1980இல் குவாங்ஜு நகர மக்கள்மீது துருப்புகளை ஏவிய சுன் டூ-ஹ்வான், அந்த நான்காண்டுப் படிப்பின் முதல் வகுப்பில் தேறியவர். வெற்றி என்று எண்ணப்படும் உதாரணத்திலும் இத்தகைய நிழல் படிந்திருக்கிறது என்பதை மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

வியட்நாமில், கொரியாவிலிருந்து தவறான பாடம் கற்கப்பட்டது. எல்லையைக் கடந்து டிவிஷன் டிவிஷனாகப் பகைவர் வருவர் என்று எதிர்பார்த்த அமெரிக்கத் தூதுக்குழு, 1959க்குள் தென்வியட்நாமியச் சேனையை ஏழு டிவிஷன்களாகத் தன் சாயலிலேயே வார்த்தது. பகைவரோ கிராமத்தின் உள்ளிருந்தே எழுந்தனர். அவர்களை முதலில் எதிர்கொள்ள வேண்டியிருந்த கிராமக் காவற்படைகளுக்கு மிஞ்சியதும் கழித்ததுமே கிடைத்தன. 1963 ஜனவரியில் அப் பாக் என்னும் சிற்றூரில், ஹெலிகாப்டர்களும் கவச வண்டிகளும் துணைநிற்க வந்த பெரும்படையை, அதனினும் பன்மடங்கு சிறிய கெரில்லாப் படை தடுத்து நிறுத்திவிட்டு இரவில் நழுவிச் சென்றது. சேனைக்குப் போர்முறை தெரியாமையால் நிகழ்ந்த தோல்வி என்று அதைச் சொல்லிவிட முடியாது. படைப்பிரிவுகள் அதிகச் சேதமடைவதை ஜனாதிபதி டியெம் விரும்பவில்லை. தமக்கு எதிராகத் தளபதிகள் எவரேனும் கிளம்பினால் தம்மைக் காக்க அப்படைகள் வேண்டும் என்பதே அவருடைய கணக்கு. அமெரிக்க ஆலோசகர் துணிந்து முன்னேறச் சொல்லலாம். தளபதிக்குப் பதவி உயர்வு தருபவர் ஜனாதிபதியே. இந்த முரண்பாட்டைப் போக்கும் வழி எந்தக் கவாத்துப் புத்தகத்திலும் இல்லை.

இக்காலத்து ஆராய்ச்சியாளருள் ஸ்டீபன் பிடிலும் அவருடன் எழுதியவர்களும் இதனையே பொதுவிதியாக வகுத்துக் காட்டியிருக்கிறார்கள். உதவி செய்யும் தேசத்தின் நோக்கமும் பெறும் அரசாங்கத்தின் நோக்கமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. கலகக்காரர்களைவிடத் தன் சொந்தச் சேனையைக் கண்டே அதிகம் அஞ்சும் ஆட்சியாளன், திறமையை விட்டு விசுவாசத்தையும் உறவையும் பார்த்துத் தளபதிகளை நியமிப்பான். சிறிய தூதுக்குழுவால் அதைக் கண்காணிக்கவோ மாற்றவோ இயலாது. ஆகவே சிறிய செலவில் பெரிய பலன் என்பது வீண் ஆசை என்று அவர்கள் வாதிக்கிறார்கள். இவ்வாதம் பெரும்பாலும் சரியென்றே நான் கருதுகிறேன். ஆனால், பெரிய தூதுக்குழுவும் பெருஞ்செலவும் இருந்தால் அக்குறை நீங்கிவிடும் என்று அதனை மறுபுறமாகத் திருப்பிக்கொள்வதற்கு ஆப்கானிஸ்தானம் இடம்தரவில்லை.

இருபது ஆண்டுகளில் அந்நாட்டுச் சேனைக்கும் போலீஸுக்கும் அமெரிக்கா செலவிட ஒதுக்கிய தொகை 8,000 கோடி டாலருக்கும் அதிகம். ஏட்டளவில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்கள் இருந்தனர். உண்மையில் களத்தில் நின்றவர்கள் அதனினும் மிகக் குறைவு, ஏனெனில் இல்லாத சிப்பாய்களின் பெயரில் சம்பளம் பெற்றுக்கொண்ட அதிகாரிகள் பலர். ஈராக்கிலும் இதே நோய் இருந்தது. மோசூல் வீழ்ந்த ஆண்டின் இறுதியில் பிரதமர் அபாதியே, சம்பளப் பட்டியலில் 50,000 பொய்ப்பெயர்கள் இருந்ததாக அறிவித்தார். அமெரிக்க ஆலோசகர்கள் ஓராண்டிலோ அதற்கும் குறைவான காலத்திலோ மாறிக்கொண்டேயிருந்தமையால், ஒருவர் நம்பிக்கையைச் சம்பாதிக்கும் வேளையில் ஊர் திரும்பினார். அடுத்தவர் அடியிலிருந்து தொடங்கினார். எழுத்தறியாத இளைஞர்கள் நிறைந்த ஒரு சேனைக்கு, ஆங்கிலப் படிவங்களும் கணிப்பொறியும் கொண்ட தளவாட நிர்வாகம் அமைக்கப்பட்டது.

இதில் என்னை மிகவும் வருத்தும் விஷயம் ஹெலிகாப்டர்களைப் பற்றியது. ஆப்கானிய இயந்திர நிபுணர்கள் ரஷ்ய எம்ஐ-17 ஹெலிகாப்டரின் பராமரிப்பில் பெரும்பகுதியைத் தாமே செய்யக் கற்றிருந்தார்கள். 2017 முதல் அவற்றுக்குப் பதிலாக அமெரிக்க பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் புகுத்தப்பட்டன. அவை சிறந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றின் பராமரிப்புக்கு அயல்நாட்டு ஒப்பந்தக்காரர்களை நம்பியிருக்க வேண்டியதாயிற்று. 2020 பிப்ரவரியில் தோஹாவில் தாலிபானுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, துருப்புகளுடன் ஒப்பந்தக்காரர்களும் வெளியேற வேண்டியிருந்தது. அவர்கள் வெளியேறியதும் விமானங்கள் தரையில் நின்றன. மலைப்பகுதிகளில் தனித்து நின்ற காவல்நிலைகளுக்கு உணவோ குண்டுகளோ கொண்டுசெல்லவும், காயம்பட்டவரைத் தூக்கிவரவும் வழியில்லாமற் போயிற்று. பிறகு அவை ஒவ்வொன்றாகச் சரணடைந்தபோது, ஆப்கானியர் தம் நாட்டுக்காகப் போரிட மறுத்துவிட்டனர் என்று வாஷிங்டனில் கூறப்பட்டது. இருபது ஆண்டுகளில் 60,000க்கும் மேற்பட்ட ஆப்கானியச் சிப்பாய்களும் போலீஸாரும் மாண்டிருக்கிறார்கள். அவர்களை அவ்வாறு பழிப்பது அநியாயம். தாமே பழுதுபார்க்க முடியாத ஆயுதத்தை அவர்கள் கையில் கொடுத்து, பழுதுபார்ப்பவனையும் அழைத்துக்கொண்டு சென்றவர்களுக்கே முதற்பழி உரியது.

இதனுடன் ஒப்பிட, அதே நாட்டில் நிகழ்ந்த முந்திய சம்பவமும் ஒன்று உண்டு. 1989 பிப்ரவரியில் சோவியத் துருப்புகள் வெளியேறியபின், அவர்கள் பயிற்றிய ஜனாதிபதி நஜிபுல்லாவின் சேனை சில மாதங்கள்கூடத் தாங்காதென்று பலர் ஆரூடம் கூறினர். அச்சேனையோ அவ்வாண்டே ஜலாலாபாத்தில் முஜாஹிதீன்களின் பெருந்தாக்குதலை முறியடித்து, மூன்றாண்டுகள் தாக்குப்பிடித்தது. சோவியத் யூனியனே மறைந்து, எரிபொருளும் பணமும் நின்ற பின்புதான் 1992 ஏப்ரலில் வீழ்ந்தது. நஜிபுல்லாவின் ஆட்சி நல்லாட்சி என்று யாரும் சொல்லத் துணியார். எனினும், அச்சேனை ஏந்திய ஆயுதங்கள் அதற்குப் பழக்கமானவை. அதன் அதிகாரிகள் தோற்றால் தங்களுக்கு வேறு கதியில்லை என்று அறிந்திருந்தார்கள். அதே சோவியத் பயிற்சிதான், 1973இல் மன்னரைக் கவிழ்த்ததிலும் 1978இல் ஜனாதிபதி தாவூத் கானைக் கொன்று ஆட்சியைப் பிடித்ததிலும் முன்னின்ற அதிகாரிகளை முன்பு உண்டாக்கியது என்பதும் உண்மை.

பயிற்சி பெற்ற அதிகாரி ஆட்சியைக் கவிழ்ப்பானா என்னும் வினா இங்கு எழுகிறது. அந்நிய தேசத்துக் கல்விச்சாலையில் பயின்றவன், குடிமக்களின் அரசாங்கத்துக்கு அடங்கி நடக்கும் மரபையும் சேர்த்துக் கற்று வருவான் என்பது நெடுங்கால நம்பிக்கை. ஜோனதன் கேவர்லியும் ஜெஸ்ஸி சேவேஜும் 1970 முதல் நாற்பது ஆண்டுகளின் விவரங்களைச் சேகரித்து, அமெரிக்கப் பயிற்சி மிகுதியாகப் பெற்ற நாடுகளில் இராணுவப் புரட்சிக்கான சாத்தியம் குறையாமல் கூடவே செய்கிறது என்று காட்டினர். பயிற்சி, நாட்டின் மற்றெல்லா ஸ்தாபனங்களும் நலிந்திருக்கும்போது சேனையை மட்டும் வலுப்படுத்துகிறது என்பதே அவர்கள் தரும் விளக்கத்தின் சாரம்.

மாலி நாட்டின் கதை இதற்கு வேதனையான சாட்சியமாகும். 2012இல் அந்நாட்டின் வடபகுதியில் கலகம் மூண்டபோது, அமெரிக்கர்கள் பயிற்றியிருந்த துவாரெக் அதிகாரிகள் சிலர் தம் ஆட்களுடனும் ஆயுதங்களுடனும் கலகக்காரர் பக்கம் சேர்ந்துவிட்டனர்; அமெரிக்காவில் பயின்று திரும்பிய கேப்டன் சனோகோ தலைநகரத்தில் ஆட்சியைக் கைப்பற்றினார். பின்னர், போர்நுட்பத்தில் செலுத்திய கவனத்தை விழுமியங்களில் செலுத்தவில்லை என்று அமெரிக்காவின் ஆப்பிரிக்கப் படைத்தலைமையின் தளபதி கார்ட்டர் ஹாம் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். 2013 பிப்ரவரியில் ஐரோப்பிய யூனியன் தன் பயிற்சித் தூதுக்குழுவை அங்கு அனுப்பி, நைஜர் நதிக்கரையிலுள்ள கூலிகோரோ பாசறையில் பட்டாளங்களைப் பயிற்றத் தொடங்கிற்று. இம்முறை சர்வதேச மனிதாபிமானச் சட்டமும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. ஆனால் பயிற்சியாளர்கள் தம் மாணவர்களுடன் போர்முனைக்குச் செல்ல அனுமதி இருக்கவில்லை; மாணவர்கள் வடக்கே சென்றபின் என்ன செய்தனர் என்பதைக் கண்ணால் காணும் வாய்ப்பும் அவர்களுக்கு இல்லை. 2020 ஆகஸ்டிலும் 2021 மேயிலும் கர்னல் கோய்ட்டாவின் தலைமையில் மீண்டும் இராணுவப் புரட்சிகள் நிகழ்ந்தன. 2021 இறுதியில் ரஷ்யாவின் வாக்னர் படையினர் வந்து சேர்ந்தனர். 2022 மார்ச்சில் மூரா என்னும் ஊரில் மாலி துருப்புகளும் அயல்நாட்டு ஆயுதபாணிகளும் ஐந்நூறு பேருக்குக் குறையாமல் கொன்றனர் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் பின்னர் அறிவித்தது. அக்கொலைகளுக்கு அடுத்த மாதம் ஐரோப்பியர் பயிற்சியை நிறுத்தினர். 2024 மேயில் தூதுக்குழுவே முடிவுற்றது. பதினோராண்டு உழைப்பு!

கற்பித்தவனுக்கும் கற்றவனின் செயலில் பங்கு உண்டா என்பது தப்பிக்க முடியாத கேள்வி. 1981 டிசம்பரில் எல் சால்வடார் நாட்டு எல் மோஸோட்டே கிராமத்தில் நூற்றுக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற அட்லகாட்டல் பட்டாளம், அமெரிக்கர்கள் அவ்வாண்டில் பயிற்றி உருவாக்கியது. 1946இல் பனாமாவில் தொடங்கி, 1984இல் ஜார்ஜியா மாகாணத்துக்கு மாற்றப்பட்ட அமெரிக்காக்களின் பள்ளி என்னும் இராணுவப் பயிற்சி நிலையத்தில் பயன்பட்ட கையேடுகளில், கைதிகளை வதைக்க இடம்தரும் பகுதிகள் இருந்தமை 1996இல் வெளியாயிற்று. இக்கொடுமைகளால் எழுந்த கண்டனத்தின் பயனாகவே, செனட்டர் லேஹியின் பெயரால் வழங்கும் சட்டம் 1997 முதல் படிப்படியாக உருவாகி, கொடிய மனித உரிமை மீறல்களைச் செய்ததாக நம்பத்தகுந்த ஆதாரமுள்ள படைப்பிரிவுகளுக்கு அமெரிக்க உதவியைத் தடைசெய்கிறது. சட்டம் நல்லது; அதை அமல் செய்வதில் நேசநாடுகளுக்குக் காட்டும் தாட்சண்யம் நல்லதன்று.

இக்கேள்வி நம் நாட்டிலும் எழுந்தது. 2012இல் இலங்கை விமானப்படையினர் சிலர் தாம்பரத்தில் பயிற்சி பெற வந்தபோது, தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பினால் மத்திய அரசு அவர்களைப் பெங்களூரை அடுத்த யெலகங்காவுக்கு மாற்றியது. அவ்வெதிர்ப்பை மாகாண அரசியல் என்று டெல்லியில் சிலர் ஒதுக்கிவிட்டனர். 2009இல் முல்லைத்தீவுக் கரையில் மாண்ட பல்லாயிரம் பொதுமக்களை மூன்றே ஆண்டுகளில் மறந்துவிட முடியாத ஜனங்கள், கற்றுச் செல்லும் கை நேற்று என்ன செய்தது, நாளை என்ன செய்யும் என்று கேட்டார்கள். இவ்விஷயத்தில் கேட்கத்தக்க முதற்கேள்வியே அதுதான். பயிற்சியிடத்தை வேறு மாநிலத்துக்கு மாற்றியது அதற்கு விடையாகாது.

இந்தியா இத்துறையில் பெற்றுள்ள அனுபவம் பொதுவாக அறியப்பட்டதைவிட விரிவானது. எதியோப்பியச் சக்கரவர்த்தி ஹைலே செலாசியின் வேண்டுகோளின்படி, ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஹரார் இராணுவக் கல்லூரியை இந்திய அதிகாரிகள் நடத்தினர். நைஜீரியாவில் 1964இல் கடூனாவில் தொடங்கிய பாதுகாப்புக் கல்லூரியின் முதல் தலைவரும் இந்தியரே. நீலகிரியிலுள்ள வெலிங்டன் ஸ்டாஃப் கல்லூரிக்கு நேசநாட்டு அதிகாரிகள் ஆண்டுதோறும் வருகின்றனர். ஆனால் இவற்றுள் தலையாயது, 1962 முதல் பூட்டானின் ஹா பள்ளத்தாக்கில் இயங்கிவரும் இந்திய இராணுவப் பயிற்சிக் குழுவே. தன் தேசத்தின் அளவுக்குத் தக்க ஒரு சிறு சேனையை வைத்துக்கொள்ள பூட்டான் விரும்பியது. அவ்வளவே அதற்குக் கொடுக்கப்பட்டது. 2003 டிசம்பரில், தம் காடுகளில் பாசறை அமைத்திருந்த அஸ்ஸாமியத் தீவிரவாதிகளை வெளியேற்ற மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் தீர்மானித்தபோது, அச்சிறு சேனை மன்னரே முன்னிற்கச் சென்று, குறுகிய காலத்தில் அவர்களுடைய முகாம்களை அழித்தது. இந்தியாவின் சொந்தப் பந்தோபஸ்தும் அதில் அடங்கியிருந்தது என்பது வெளிப்படை. இரு தேசங்களின் நலமும் இவ்வாறு ஒத்துப்போவது அபூர்வம். காபூல் வீழ்ந்தபோது நம் இராணுவக் கல்விச்சாலைகளில் பயின்றுகொண்டிருந்த ஆப்கானிய இளைஞர்கள், திரும்பிச் செல்ல ஒரு சேனை இல்லாதவர்களாயினர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் சென்னைப் பரங்கிமலையில் பயின்று சென்ற ஆப்கானியப் பெண் அதிகாரிகளின் நிலை அதனினும் கொடியதாயிற்று. அவர்கள்பால் நமக்குள்ள கடமை, பட்டமளிப்பு அணிவகுப்புடன் தீர்ந்துவிட்டதாக நான் எண்ணவில்லை.

சியரா லியோனைப் பற்றிச் சில வார்த்தைகள். பகலில் சிப்பாய், இரவில் கொள்ளைக்காரன் என்று மக்கள் அஞ்சிய ஒரு சேனையை, 2000 முதல் 2013 வரை பிரிட்டிஷார் தலைமையிலான சர்வதேசக் குழு திருத்தியமைத்தது. பிரிட்டிஷ் அதிகாரிகள் ஆலோசனை கூறுவதுடன் நில்லாமல், பாதுகாப்பு மந்திராலயத்திலும் சேனையிலும் பொறுப்புள்ள பதவிகளையே வகித்தனர். பட்டாளத்தின் தொகையைக் குறைத்தனர். சம்பளம் சிப்பாயின் கைக்கே சேரும்படி செய்தனர். 2007 தேர்தலில் எதிர்க்கட்சி வென்று ஆட்சி மாறியபோது சேனை பாசறையிலேயே இருந்தது. பின்னர் அது டார்ஃபூருக்கும் சோமாலியாவுக்கும் அமைதிப்படை அனுப்பியது. போர் 2002இலேயே முடிந்துவிட்டதும், நாடு சிறியதாயிருந்ததும், அரசாங்கமே விரும்பி அழைத்ததும் இவ்வெற்றிக்குத் துணைசெய்தன. போர் முடியாத சோமாலியாவிலோ, ஐரோப்பியர், அமெரிக்கர், துருக்கியர், அமீரகத்தார் என ஒவ்வொருவரும் தத்தம் முறையில் தனித்தனிப் படைகளைப் பயிற்ற, ஒரு சேனைக்குள் பல சேனைகள் முளைத்தன.

உக்ரேனுக்கு வரும்போது, இதுவரை கண்டவற்றுள் பல தலைகீழாகின்றன. 2014இல் கிரிமியாவை இழந்தபின், லிவிவ் நகருக்கு அருகிலுள்ள யாவோரிவ் பயிற்சி நிலையத்தில் அமெரிக்கரும் கனடியரும், பல இடங்களில் பிரிட்டிஷாரும் பயிற்சியளித்தனர். பிரிட்டிஷ் குழு மட்டும் 2022 வரை 22,000 பேரைப் பயிற்றியது. பெரும்போர் மூண்டபின் 2022 மார்ச் 13ஆம் தேதி யாவோரிவ் நிலையமே ரஷ்ய ஏவுகணைகளுக்கு இலக்காயிற்று. அவ்வாண்டின் நடுவில் பிரிட்டன் தன் மண்ணிலேயே சில வாரப் பயிற்சியைத் தொடங்கி, பல நாட்டு ஆசிரியர்களுடன் 50,000க்கும் மேற்பட்டவர்களைத் தேற்றியிருக்கிறது. நவம்பரில் தொடங்கிய ஐரோப்பிய யூனியனின் தூதுக்குழுவும் அதற்குக் குறையாத தொகையினரைப் பயிற்றியிருக்கிறது. இங்கே சேனைக்கு எதற்காகப் போரிடுகிறோம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சம்பளம் தருவதற்கு ஓர் அரசாங்கம் இருக்கிறது. பழுதுபார்க்க இயந்திரக் கல்வியுள்ள மக்கள் இருக்கிறார்கள்.

ஆனாலும் குறைகள் வெளிப்படாமலில்லை. 2023 கோடையில், மேற்கு நாடுகளில் அவசரமாகப் பயிற்றப்பட்ட புதிய பிரிகேடுகள், ஸாபொரீஷியாப் பகுதியின் கண்ணிவெடிப் பரப்பில் பெருஞ்சேதமடைந்து நின்றன. ஆகாயத்தில் ஆதிக்கம் இருக்கும் என்று வைத்து எழுதப்பட்ட போர்முறைகள், அவ்வாதிக்கமில்லாத சேனைக்குக் கற்பிக்கப்பட்டிருந்தன. பிரான்சில் 2024இல் பயிற்சி பெற்ற ஒரு பிரிகேடிலிருந்து பலர் ஓடிப்போன செய்தியும், போதிய டிரோன்களின்றி அது போர்முனைக்கு அனுப்பப்பட்ட செய்தியும் உக்ரேனிலேயே பெருங்கிளர்ச்சியை எழுப்பின. அப்பிரிகேடின் துன்பத்துக்குப் பிரெஞ்சு ஆசிரியர்களைவிட, அதைத் துண்டாடி வெவ்வேறு படைகளுடன் இணைத்த உக்ரேனியத் தலைமையே பெரிதும் பொறுப்பு. இன்னொரு புறம், தலைக்கு மேல் எந்நேரமும் டிரோன் வட்டமிடும் பதுங்குகுழியில் வாழ்ந்து வந்த ஹவில்தார், அத்தகைய போரைக் கண்டிராத ஆசிரியரிடம் பாடம் கேட்க வேண்டியிருந்தது. அந்த ஹவில்தார் கூறிய திருத்தங்களைச் செவிமடுத்துப் பாடத்திட்டத்தை மாற்றிக்கொண்ட நாடுகளின் பயிற்சி பயன்பட்டது. மற்றவர்களுடையது அவ்வளவாகப் பயன்படவில்லை.

இதை நேட்டோவும் உணர்ந்ததன் அறிகுறியாக, 2025 பிப்ரவரியில் போலந்தின் பிட்கோஷ்ச் நகரில் உக்ரேனியருடன் கூட்டாக ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் உரிய நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. அங்கு உக்ரேனிய அதிகாரிகள் போர்முனையின் அனுபவத்தைத் தொகுத்து, நேட்டோ நாட்டுத் தளகர்த்தர்களுக்கு எடுத்துரைக்கிறார்கள். இத்தகைய கூட்டு ஸ்தாபனம் போர் முடிந்தபின் தோன்றாமல், போரின் நடுவிலேயே, பெறுவோரின் வற்புறுத்தலால் தோன்றியிருப்பது இத்துறையின் சரித்திரத்தில் அரிது. அதிகாரியும் சிப்பாயும் பிரியாமல் முழுப் பிரிகேடாகப் பயிற்சி பெற வேண்டுமாயின், அப்பயிற்சி பெரும்பாலும் உக்ரேன் மண்ணிலேயே நடக்க வேண்டும் என்று கீவ் அரசாங்கம் கேட்டு வருகிறது. யாவோரிவில் விழுந்த ஏவுகணைகளை நினைத்து மேற்கு நாடுகள் தயங்குகின்றன. அத்தயக்கம் இயல்பானதே என்றாலும், தன் மாணவன் நிற்கப்போகும் மண்ணில் தான் நிற்க அஞ்சும் ஆசிரியரின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை உக்ரேனியச் சிப்பாய்கள் ஏற்கெனவே தீர்மானித்துக்கொண்டிருக்கக்கூடும்.